இடைவேளை விடும் அரங்கு: டர்பனில் ஞாயிறு மதியத் தமிழ்க் காட்சி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்ப் படம் பார்க்க எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது கடற்கரைப் பக்கம் இருக்கும் இந்த மூன்று திரை அரங்கைத்தான். இருக்கைகள் பழையவை. திரை நடுத்தர அளவு. ஞாயிற்றுக்கிழமைகளில் காரை நிறுத்த இடம் தேடி இரண்டு சுற்று சுற்ற வேண்டும். இருந்தும் இங்கே போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: தமிழ்ப் படத்துக்கு இடைவேளை விடுகிறார்கள். விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து வைத்து, முழுதாகப் பதினைந்து நிமிடம் விடுகிறார்கள்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மதிப்பீட்டில் அது அடிக்கடி தலைகாட்டும். நான் கண் பரிசோதகர். திருநெல்வேலியில் பிறந்து, மணமாகி இந்த ஊருக்கு வந்து, இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுவதும் அடுத்தவர் கண்ணைப் பார்த்தே பழகிவிட்டதால், திரையரங்கிலும் பாதி நேரம் பக்கத்தில் இருப்பவர்களின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்தக் காட்சியில் யாருக்குக் கண் கலங்குகிறது, யார் எப்போது சிரிக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குப் படத்தைப் போலவே முக்கியம். ஆகவே இந்த அரங்கின் பாப்கார்னைப் பற்றியும் பார்க்கிங்கைப் பற்றியும் அதிகம் சொல்லப்போவதில்லை. படம் பார்க்கிறவரின் மனத்துக்கு ஓர் அரங்கு என்ன செய்கிறது என்பதே என் கேள்வி.

இடைவேளையிலிருந்தே தொடங்குகிறேன். ஒரே ப்ரொஜெக்டர் வைத்து ஓட்டிய காலத்தில் ரீல் மாற்றுவதற்காகப் படத்தை நிறுத்தினார்கள். அந்த நிறுத்தம் பிறகு கதை எழுதும் முறைக்குள்ளேயே புகுந்துவிட்டது. நம் திரைக்கதை ஆசிரியர்களில் பலர் இடைவேளைக் காட்சியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் கதையைக் கட்டுகிறார்கள். அதுவரை முடிச்சு விழுந்துகொண்டே வந்த சிக்கல் அங்கே இறுகும், அல்லது நாம் நம்பியிருந்தது தலைகீழாகும். அந்த அதிர்ச்சியோடு வெளியே வந்து, காற்று வாங்கி, கூட வந்தவரிடம் பேசிவிட்டு மறுபடி உள்ளே போவதையும் கணக்கில் வைத்தே இரண்டாம் பாதி தொடங்கும். இடைவேளையை எடுத்துவிட்டால் படத்தின் ஒரு காட்சியையே வெட்டி எறிந்ததற்குச் சமம்.

நகரின் பெரிய வணிக வளாகம் ஒன்றில் அப்படித்தான் நடந்தது. ஹாலிவுட் படங்களை ஒரே மூச்சில் ஓட்டிப் பழகிய அரங்கு அது. கதாநாயகியின் தந்தை இறந்துபோகிறார். பறையொலி ஓய்கிறது. அவள் முகத்தில் காட்சி உறைகிறது. ‘இடைவேளை’ என்ற எழுத்து வந்தது, இரண்டு நொடியில் போயிற்று. அடுத்த நொடியே பச்சை வயலும் பாட்டும். எனக்கு முன் வரிசையில் ஓர் அம்மாள் கைப்பையிலிருந்து கைக்குட்டையை இன்னும் வெளியே எடுத்திருக்கவில்லை. எடுக்கப்போன கை அப்படியே நின்றுவிட்டது. வந்த அழுகையை விழுங்கிக்கொண்டு அவர் பாட்டைப் பார்க்க வேண்டியதாயிற்று. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. டிக்கெட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு அழுவதற்கு இடம் கொடுக்கவில்லையே என்று.

இந்தச் சிறிய அரங்கில் அதைச் சரியாகச் செய்ய ஒருவர் உழைக்கிறார். இப்போது படம் சுருளாக வருவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். வன்தட்டில் வரும், அல்லது இணைய வழியாக இறங்கும். அதை அரங்கின் சர்வரில் ஏற்றுவார்கள். விளம்பரம், முன்னோட்டம், வயதுச் சான்று, படம் என்று ஓட வேண்டிய வரிசையை முன்கூட்டியே அமைத்துவைப்பார்கள். எந்த இடத்தில் விளக்கு மங்க வேண்டும், எங்கே முழுதாக அணைய வேண்டும் என்பதும் அந்த வரிசையிலேயே குறிக்கப்பட்டிருக்கும். இடைவேளை வேண்டுமென்றால், எந்த நொடியில் படம் நிற்க வேண்டும் என்பதை ஆள் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். தானாக நடக்காது.

இங்கே அதைச் செய்பவர் ஜூலு இனத்து இளைஞர் ஒருவர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. படம் வந்ததும் காலையில் ஆளில்லாத அரங்கில் ஓட்டிப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொள்வாராம். எழுத்து தெரியாமல் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். “எழுத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இசை ஏறிக்கொண்டே போகும். யாரோ ஒருவரின் முகம் பெரிதாக வரும். பிறகு இசை அறுந்துவிடும். அந்த இடம்தான்” என்றார். இன்னொன்றையும் சொன்னார். திரும்பத் தொடங்கும்போது நிறுத்திய இடத்திலிருந்தே தொடங்காமல், சில நொடிகள் பின்னால் போய்த் தொடங்குவாராம். மக்கள் விட்ட இடத்துக்கு மனத்தால் வந்து சேர அவகாசம் வேண்டும் என்பது அவர் கணக்கு. தமிழ் தெரியாத ஒருவர் தமிழ்ப் பார்வையாளர் மேல் வைத்திருக்கும் இந்த அக்கறைக்காகவே அரங்கின் பழைய இருக்கைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் கூடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன்.

நானும் என் மாமியாரும் என் மகளும் போயிருந்தோம். கிராமத்து வீட்டை விற்றுவிட்டு நகரத்துக்குப் போகும் ஒரு குடும்பத்தின் கதை. இடைவேளைக் காட்சியில் மூத்த மகன் வீட்டைப் பூட்டுகிறான். கேமரா தெருவிலேயே நிற்கிறது. சாவி திரும்பும் ஓசை கேட்கிறது. பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்க்கிறான். திண்ணையிலிருந்து இறங்குகிறான். மறுபடி ஏறிப்போய் இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறான். அதன் பிறகு சாவியைக் கொண்டுபோய் வாங்கியவரின் உள்ளங்கையில் வைக்கிறான். அவ்வளவுதான். வீட்டின் உட்புறத்தை அதுவரை ஒரு காட்சியிலும் காட்டியிருக்கவில்லை.

விளக்கு எரிந்தபோது மாமியாரின் கன்னம் நனைந்திருந்தது. அவரை அப்படியே அணைத்துக் கூட்டிக்கொண்டு வந்து, கூடத்து நாற்காலியில் உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் குடித்தார்.

“கதவுக்குப் பின்னால் மாரியம்மன் படம் மாட்டியிருந்தது. அதைக் கழற்றி எடுத்துக்கொள்ளாமல் போகிறானே” என்றார்.

“அம்மா, வீட்டுக்குள்ளே காட்டவே இல்லையே.”

“காட்ட வேண்டுமா? பூட்டுகிறபோதே எல்லாம் தெரிந்ததே.”

எல்லாம் என்றால் எதெல்லாம் என்று கேட்டேன். சொன்னார். ஒரே அறை. தகரக் கூரை. படத்துக்குக் கீழே காமாட்சி விளக்கு, அதன் கரி ஏறிய சுவர். துணியால் தடுத்த சமையல் மூலை. வெளியே பொதுக்குழாய், அதற்கு முன் வாளிகளின் வரிசை. அவர் சொல்லிக்கொண்டே போகப் போக அது எந்த வீடு என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர் பிறந்து வளர்ந்தது மேகசின் பராக்ஸில். டர்பன் மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. குடியிருந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்களும் தெலுங்கர்களும். 1950இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் விளைவாக அந்த மக்களை 1960களில் சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பராக்ஸ் இடிக்கப்பட்டது. மாமியார் அப்போது பதின்வயதுப் பெண்.

பக்கத்தில் சமோசா தின்றுகொண்டிருந்த என் மகள் குறுக்கிட்டாள். “இல்லை ஆயா, அந்த வீட்டில் வெளியே படிக்கட்டு இருக்கும். மாடியில்தான் அறை” என்றாள். அது சாட்ஸ்வொர்த் வீடு. ஒட்டினாற்போல் இரண்டிரண்டாகக் கட்டிய வீடுகள், மேடும் பள்ளமுமான சரிவு, கான்கிரீட் படி. அவளுக்குத் தெரிந்த வீடு என்றால் அதுதான். நான் பார்த்த வீட்டைக் கேட்டார்கள். நான் பார்த்தது தாமிரபரணிக் கரையில் என் தாத்தாவின் வீடு: நடுவில் முற்றம், மழைக்காலத்தில் அதில் விழும் தண்ணீர், அடுக்களையில் விறகுப் புகை. ஒரே பூட்டிய கதவைத்தான் மூவரும் பார்த்தோம். மூன்று வீடுகள்.

சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் செய்த சோதனையைத் திரைப்படம் படிக்கிற எல்லாரும் சொல்வார்கள். ஒரு நடிகரின் சலனமற்ற முகம். அதை ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும், இப்படி வேறு வேறு காட்சிகளோடும் ஒட்டிக் காட்டினார். முகம் ஒன்றேதான். பார்த்தவர்களோ, பசியை என்ன அருமையாக நடிக்கிறார், துயரத்தை என்ன அருமையாக நடிக்கிறார் என்று பாராட்டினார்களாம். நடிப்பைச் செய்தது பார்த்தவர்களின் மனம். நாங்கள் பார்த்த காட்சியில் முகம்கூட இல்லை. மரக்கதவு. அதற்குள் ஆளுக்கொரு வீட்டைக் கட்டிக்கொண்டோம்.

அழுகை எங்கிருந்து வருகிறது என்பதற்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நான்கு காரணம் சொல்கிறது: ‘இளிவே இழவே அசைவே வறுமை.’ இழிவுபடுதல், இழத்தல், முன்பிருந்த நிலை கெட்டு வேறாதல், வறுமை. கல்லூரியில் மனப்பாடம் செய்த நூற்பா. அன்று அந்தக் கூடத்தில் தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்த மாமியாரின் கையைப் பார்த்தபோது, நான்கும் ஒருங்கே அங்கே இருந்ததாக எனக்குப் பட்டது. வீட்டை அவரிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள் என்ற இழிவு. வீடு போன இழப்பு. அண்டை அயல் கலைந்துபோன கலக்கம். ஒற்றை அறையின் வறுமை. படம் சொன்ன கதை இவற்றில் பாதியைக்கூடச் சொல்லவில்லை.

இதை நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாம் பாதியில் இயக்குநர் கதவைத் திறந்துவிட்டார். பழைய நினைவுக் காட்சியாக வீட்டின் உட்புறத்தை நிதானமாகக் காட்டினார். தேக்குத் தூண்கள், ஊஞ்சல், பித்தளைக் குத்துவிளக்கு, மஞ்சள் வெளிச்சம். கலை இயக்குநர் நன்றாகத்தான் உழைத்திருக்கிறார். மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணீர் வற்றிவிட்டது. “இது யாருடைய வீடு?” என்று என் காதில் கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆனாலும் அவருக்குக் கண் கலங்கவில்லை. பூட்டிய கதவைப் பூட்டியபடியே விட்டிருந்தால் இந்தப் படம் எங்கோ போயிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த அரங்கில் எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை வீடுகளையும் அந்த ஊஞ்சல் இடித்துத் தள்ளிவிட்டது.

இடைவேளை இல்லாத அரங்கில் பார்த்திருந்தால் எங்களுக்கு இது தெரிந்தே இருக்காது. வீடு மனத்தில் எழும்புவதற்குள் அடுத்த காட்சி வந்திருக்கும்.

இனி சிரிப்பைப் பற்றி. இங்கே ஓடும் தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் உண்டு. இல்லாமல் ஓட்டினால் அரங்கில் பாதி காலியாகிவிடும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கியவர்கள் தொடங்கி, அடுத்தடுத்து வந்தவர்களின் வழிவந்தவர்கள்தான் இந்த ஊர்த் தமிழர்களில் பெரும்பாலோர். வீட்டு மொழி ஆங்கிலமாகி இரண்டு மூன்று தலைமுறை ஆகிறது. காவடி எடுப்பார்கள், தேவாரம் பாடுவார்கள், ஆயா என்றும் தாத்தா என்றும் கூப்பிடுவார்கள். வசனத்தின் வேகத்துக்குத் தமிழ் ஓடிவராது. தென்னாப்பிரிக்க அரசியல் சாசனம் மதித்துப் பேண வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழின் பெயரைச் சொல்கிறது. ஞாயிறு மதியம் அதை நடைமுறையில் பேணுவது இந்தச் சப்டைட்டில்காரர்களும் சேர்ந்துதான் என்பேன்.

அரங்கில் சிரிப்பு இரண்டு தவணையாக வரும். நடிகர் வசனத்தைத் தொடங்கும்போதே முழு வாக்கியமும் கீழே எழுத்தில் வந்துவிடுகிறது. பேச்சைவிடப் படிப்பது வேகம். இளையவர்கள் படித்து முடித்துச் சிரித்துவிடுவார்கள். அதற்குள் நடிகர் வாக்கியத்தின் நடுவில்தான் இருப்பார். அவர் முடித்து, புருவத்தை ஒரு தூக்குத் தூக்கிய பிறகு, தமிழ் தெரிந்த பெரியவர்கள் சிரிப்பார்கள். முதல் சிரிப்பு கூர்மையாக, குட்டையாக வரும். இரண்டாவது நீளமாக, தொண்டைக்குள்ளிருந்து வரும். இதைக் கேட்கவே நான் நடு வரிசையில் உட்காருகிறேன்.

கண்ணின் இயல்பும் இதில் சேர்ந்திருக்கிறது. நம் கண் கூர்மையாகப் பார்ப்பது மிகச் சிறிய பரப்பை மட்டுமே: கையை நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்தினால் நகம் மறைக்கும் அளவு, ஏறத்தாழ இரண்டு பாகை. மற்றதெல்லாம் மங்கல், அந்த மங்கலை மூளை நிரப்பிக்கொள்கிறது. அடியில் எழுத்தைப் படிக்கிற நேரத்தில் நடிகரின் முகம் கூர்மையான இடத்தில் இருக்காது. ஆகவே படித்துச் சிரிப்பவருக்குக் கிடைப்பது வாக்கியத்தின் நகைச்சுவை. கேட்டுச் சிரிப்பவருக்குக் கிடைப்பது முகத்தினுடையதும் குரலினுடையதும். அழுகைக் காட்சியில் இந்த வேறுபாடு குறைந்துவிடும். நல்ல இயக்குநர்கள் அங்கே வசனத்தைக் குறைத்துவிடுவார்கள். எழுத்து இல்லாத திரையில் எல்லாருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போகும். என் மகளும் மாமியாரும் ஒரே கணத்தில் மூச்சை இழுப்பதை அப்படிப்பட்ட காட்சிகளில்தான் கேட்டிருக்கிறேன்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று இதோடு சேர்த்து நினைவுக்கு வருகிறது. கதையுள்ள ஒரு நகைச்சுவைக் காட்சியைப் பலரைத் தனித்தனியே பார்க்கவைத்து, அவர்கள் எப்போது இமைக்கிறார்கள் என்று பதிவு செய்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காதவர்கள், ஆனாலும் இமைப்புகள் ஒன்றிப்போயின. ஒரு செயல் முடிகிற இடத்தில், முக்கியமான ஆள் திரையில் இல்லாத இடத்தில், எல்லாரும் சேர்ந்து இமைத்தார்கள். கதையில்லாத இயற்கைக் காட்சிகளைக் காட்டியபோது அப்படி ஒன்றவில்லை. எதையும் தவறவிடக்கூடாது என்று கண் கதையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைக்கு வருகிறவர்களிடம் இதை நான் வேறு விதமாகச் சொல்வேன்: ஆழ்ந்து பார்க்கிறபோது இமைப்பது குறைகிறது, கண் உலர்ந்துபோகிறது, கண் உலர்ச்சி உள்ளவர்கள் சொட்டு மருந்தை இடைவேளையில் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் இடைவேளை வேண்டும்.

குறை என்று நான் அழுத்திச் சொல்வது படம் முடிகிற இடத்தை. இடைவேளையில் அவ்வளவு பொறுமை காட்டுகிற இதே அரங்கில், பெயர்கள் ஓடத் தொடங்கியதும் விளக்கை முழு வெளிச்சத்தில் போட்டுவிடுகிறார்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது வலி. இருட்டில் விழித்திரை முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். இடைவேளைக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் அதில் ஊறிய கண்ணை ஒரு நொடியில் வெளிச்சத்தில் தள்ளுகிறார்கள். மனத்துக்கு இன்னும் பெரிய வலி. அழுத முகத்தை யாரும் பார்க்கும் முன் துடைத்துக்கொள்ள எல்லாருக்கும் உரிமை உண்டு.

கடைசிக் காட்சி சோகமாக இருந்தால் அரங்கெங்கும் மூக்கை உறிஞ்சும் ஓசை எழும், கவனித்திருப்பீர்கள். சளி என்று நினைக்க வேண்டாம், கண்ணீர்தான் அது. இமையின் உள்மூலையில் ஊசி முனையளவு துளைகள் உண்டு. அவற்றின் வழியே கண்ணீர் மூக்குக்குள் வடிகிறது. அந்தக் குழாய் கொள்ளாத அளவு பெருகினால்தான் கன்னத்தில் வழியும். அழவில்லை என்று சாதிக்கிற ஆண்களை மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். அவர்கள் கடைசிப் பாட்டு முடியும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். பெயர்களை அக்கறையாகப் படிப்பார்கள். அவர்களுக்கு இன்னும் மூன்று நிமிடம் இருட்டைக் கொடுங்கள் என்று நிர்வாகியிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த காட்சிக்குள் பெருக்க வேண்டும் என்கிறார். பாதி விளக்காவது போடலாம். அடுத்த முறையும் கேட்பேன்.

ஒலி எனக்குத் திருப்தி. நம் படங்களின் ஒலியை உரக்கக் கலக்கிவிடுகிறார்கள். அப்படியே ஓட்டினால் வயதானவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். இங்கே அளவைக் கொஞ்சம் இறக்கிவைத்திருக்கிறார்கள். சாவி திரும்பும் ஓசை மாதிரிச் சின்ன ஓசைகள் தனியாகக் காதில் விழுகின்றன. குளிர்சாதனம் மட்டும் அதிகம். சால்வை எடுத்துப் போங்கள்.

மின்வெட்டு கடுமையாக இருந்த 2023இல் ஒரு காட்சியின் நடுவே மின்சாரம் போனது. மகன் வாசலில் நிற்கிறான். தந்தை அவனைப் போகச் சொல்லிவிட்டார். அவன் திரும்பிப் பார்க்கிறான். சட்டென்று எல்லாம் இருட்டு. ஜெனரேட்டர் பிடிக்கிற வரைக்கும் யாரும் கைபேசி விளக்கைக்கூடப் போடவில்லை. அந்த இருட்டில் பின் வரிசையிலிருந்து ஒரு முதிய குரல் தமிழில், “போகாதே, தம்பி” என்றது. திரையில் இல்லாதவனிடம் சொன்னது அது. ஒருவரும் சிரிக்கவில்லை. படம் திரும்ப ஓடியபோது அவன் போய்விட்டான். அரங்கு முழுவதும் ஒரு பெருமூச்சு. இயக்குநர் எழுதியிராத ஒரு வசனத்தோடு நாங்கள் பார்த்த படம் அது. வேறு எந்த ஊரிலும் யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது.

மாமியார் இதையெல்லாம் பயாஸ்கோப் என்றுதான் சொல்வார். அவர் இளமையில் கிரே தெருவைச் சுற்றி அவலான், ஷாஜகான், ராஜ் என்று இந்தியர்களின் அரங்குகள் இருந்தன. 1976 வரை இந்த நாட்டில் தொலைக்காட்சியே கிடையாது. அசையும் படம் என்றால் அரங்குக்குத்தான் போக வேண்டும். வெள்ளையருக்கான அரங்குகளில் இவர்களுக்கு இடமில்லை. தமிழ்ப் படம் வந்தால் புடவை கட்டி, பூ வைத்து, சாப்பாடு கட்டிக்கொண்டு போவார்களாம். அவர் இன்றும் அரங்குக்குப் புடவையில்தான் வருகிறார். வீட்டில் என் கணவர் நல்ல ப்ரொஜெக்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். படம் தெளிவாக இருக்கிறது. மாமியார் அதில் படம் பார்த்து அழுததில்லை. கைக்கெட்டும் இடத்தில் நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. தொலைபேசி மணி அடிக்கிறது. அடுப்பில் குக்கர் இருக்கிறது. பக்கத்தில் தெரியாத ஒருவர் மூச்சை இழுக்கும் ஓசை இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். டிக்கெட் 120 ராண்ட், மூத்த குடிமக்களுக்குக் குறைவு. புதுப் படத்தை முதல் நாள் முதல் காட்சியில் பார்க்க முயல வேண்டாம். படம் வன்தட்டில் வந்து சேர்ந்திருந்தாலும், அதைத் திறக்கும் மின்னணுச் சாவி தனியாக வர வேண்டும். அந்தச் சாவி குறிப்பிட்ட சர்வருக்கும் குறிப்பிட்ட நாட்களுக்கும் மட்டுமே செல்லும். அது தாமதமானால் அரங்கு ஒன்றும் செய்ய முடியாது, கூடத்தில் காத்திருக்க வேண்டியதுதான். பிள்ளைகளோடு போகிறவர்கள் வயதுச் சான்றைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 16 என்று சான்று பெற்ற வெட்டுக்குத்துப் படம் என்றால் அந்த வயதுக்குக் கீழே உள்ளே விடமாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை. சப்டைட்டில் படிக்கிறவர்கள் பின்பாதி வரிசையில் உட்காருங்கள், முகத்துக்கும் எழுத்துக்கும் இடையே கண் ஓட வேண்டிய தூரம் குறையும். படிக்கத் தேவையில்லாதவர்கள் முன்னால் போகலாம். இடைவேளை ஞாயிறு மதியக் காட்சிக்கும் சனிக்கிழமை மாலைக் காட்சிக்கும் மட்டுமே. வார நாட்களில் நேராக ஓட்டிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மூத்தவர்களை அழைத்துப் போவதென்றால் வலது ஓரத்து வரிசையைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பக்கம் படி இல்லை, சரிவுப் பாதை மட்டும். விளக்கு எரிந்ததும் முதலில் கூடத்துக்கு வந்து நாற்காலி பிடிக்கலாம்.